முதல் பெண்ணும் இருபதாம் ஆண்டும்

(யாங்கோனில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மியாவடியில் பாலத்தைத் தாண்டினால் வருகிற தாய்லாந்தின் டென்னிஸ் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெயர் தமரின் தனசுகார்ன். சட்டென்று வாயில் நுழையாத பெயராகத் தோன்றலாம். ஆனால் தாய்லாந்து எழுத்தில் அந்தக் குடும்பப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் தனமும் காஞ்சனமும் எழுந்து நிற்கின்றன. வீட்டுக்கு ஒரு தனலட்சுமியோ காஞ்சனாவோ இருக்கும் நமக்கு அது அயல்பெயர் ஆகாது. 1977 மே 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, சிறுமியாகவே பாங்காக் திரும்பி, அங்கேயே ஆடி வளர்ந்தவர். 1995இல் விம்பிள்டன் சிறுமியர் பிரிவில் இறுதியாட்டம் வரை போனார். 2002 மே மாதம் உலகத் தரவரிசையில் 19ஆம் இடம் பிடித்தார். அதற்கு மேல் ஏறவில்லை. மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. நடத்தும் போட்டிகளில் ஒற்றையரில் நான்கு கோப்பை, இரட்டையரில் எட்டு. 2008இல் விம்பிள்டன் காலிறுதி. 2016இல் ஓய்வு. கணக்கு இவ்வளவுதான். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் பெரும் போட்டிகளில் ஒற்றையர் கோப்பை ஒன்றுகூட இல்லாதவரைப் பற்றித் தமிழர் கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றும். அந்தக் கோப்பை இல்லாததால்தான் பேசுகிறேன். அதை வென்றவர்களின் கதை அவர்களுடைய திறமையைச் சொல்வதோடு நின்றுவிடும். அதை வெல்லாமலே இருபது ஆண்டுக்கு மேல் தொழிலாக ஆடி, அதில் சம்பாதித்து, முப்பத்து மூன்று வயதிலும் கோப்பை தூக்கியவரின் கதையோ, அவர் எந்த மண்ணில் எதை ஊன்றிக்கொண்டு நின்றார் என்று காட்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் ஒரு விளையாட்டு வேர்விட்டிருக்கிறதா என்று பார்க்க அங்கே தோன்றிய 'முதல்' ஆட்டக்காரரைப் பார்த்துப் பயனில்லை. நடுத்தரமான தரவரிசையில் ஒருவரால் எத்தனை ஆண்டு காலந்தள்ள முடிகிறது என்று பார்க்கவேண்டும். அப்படிக் காலந்தள்ளத் திறமை வேண்டும், உழைப்பு வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, கைக்கெட்டும் தூரத்தில் போட்டிகள் நடக்கவேண்டும். இந்த மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம்.

நம்மவர் ஒருவரை அருகில் நிறுத்திப் பார்த்தால் விளங்கும். கோயம்புத்தூரில் 1976 டிசம்பர் 8 அன்று பிறந்தவர் நிருபமா வைத்தியநாதன். தமரினுக்கும் அவருக்கும் ஆறு மாதம்கூட வயது வித்தியாசம் இல்லை. ஒரே காலம், ஒரே போட்டி உலகம். 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை நிருபமா வென்றபோது, கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியதில் தவறில்லை, 'தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்த 1968க்குப் பிறகு' என்று ஒரு வால் சேர்த்துக்கொண்டால். ஏனென்றால் 1934லேயே லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றிருக்கிறார். சமஸ்கிருத எழுத்தாளரும் டென்னிஸ் ஆடியவருமான க்ஷமா ராவின் மகள் அவர். முதல் வெற்றிக்கும் அடுத்த 'முதல்' வெற்றிக்கும் நடுவே 64 ஆண்டு. இந்த இடைவெளியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு நாடு திரும்பத் திரும்ப 'முதல் பெண்', 'முதல் பெண்' என்று மாலை போட்டுக்கொண்டிருக்கிறதென்றால், நடுவில் எங்கோ கயிறு அறுந்துவிட்டது என்று பொருள். மாலை போடுகிற மும்முரத்தில் அறுந்த இடத்தை யாரும் தேடுவதில்லை. நிருபமா எட்டிய உச்சம் 134ஆம் இடம். அடுத்த சில ஆண்டுகளில் முழுநேர ஆட்டத்திலிருந்து விலகினார். பின்னாளில் அமெரிக்காவில் பயிற்சியாளரானார். 19க்கும் 134க்கும் இடையே உள்ள தூரம் முழுவதையும் திறமைக் குறைவு என்று எழுதி மூடிவிடுவது எளிது. நான் அப்படி மூடத் தயாராக இல்லை.

டென்னிஸில் தரவரிசை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் ஒருவருடைய இடம் முடிவாகிறது. போன ஆண்டு இதே வாரம் வாங்கிய புள்ளி இந்த ஆண்டு இதே வாரம் கழிந்துவிடும். அதை ஈடுகட்டவில்லையானால் இறங்கவேண்டியதுதான். மாடிப்படி என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நிற்காமல் கீழ்நோக்கி ஓடும் நகரும் படி. ஏறாமல் நின்றாலே இறக்கம். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் இன்று 128 பேருக்கு இடம். அதில் 104 பேர் தரவரிசையைக் காட்டி நேராக உள்ளே வருகிறார்கள். 16 பேர் தகுதிச் சுற்று ஆடி வருகிறார்கள். 8 பேருக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டு. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்குக் கிடைத்தது 31,250. ஆகவே நூறாவது இடத்தில் இருப்பவர் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பார். நூற்று முப்பதாவது இடத்தில் இருப்பவர் விமானச் சீட்டு விலை பார்ப்பார். இன்னும் கீழே, மொத்தப் பரிசே 15,000 டாலர் உள்ள போட்டிகளில், அந்தத் தொகையை ஒற்றையரும் இரட்டையருமாகப் பங்குபோட்ட பிறகு முதல் சுற்றில் தோற்றவர் கையில் நிற்பது ஒரு வார விடுதி வாடகைக்கும் போதாது. நூற்று முப்பதிலிருந்து நூறுக்கு ஏறத் தேவைப்படும் புள்ளி அதிகமில்லை. ஆனால் அந்தப் புள்ளிக்காக ஓர் ஆசியப் பெண் வருடத்தில் பாதி நாள் ஐரோப்பாவில் பெட்டி தூக்கித் திரியவேண்டும். ஐரோப்பியப் பெண் ரயில் ஏறிப் போய் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து துணி துவைத்துக்கொள்வாள்.

இந்த இடத்தில்தான் தாய்லாந்துக்கு ஒரு வசதி இருந்தது. 1991 முதல் 2015 வரை பட்டயாவில் டபிள்யூ.டி.ஏ. போட்டி நடந்துவந்தது. தமரின் தொழில்முறை ஆட்டத்துக்கு வரும்போதே வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஓர் உலகப் போட்டி காத்திருந்தது. இடையில் 1997 ஜூலையில் பாட் நாணயம் சரிந்தது. டாலருக்கு 25 பாட் என்றிருந்தது அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டிவிட்டது. வெளிநாடு போய் ஆடுகிறவருக்குச் செலவு இரட்டிப்பானது என்று அர்த்தம். அந்தப் புயலிலும் பட்டயாப் போட்டி நிற்காமல் நடந்தது. 1990களின் இந்தியாவிலோ பெண்களுக்கு டபிள்யூ.டி.ஏ. போட்டி ஒன்றுகூட இல்லை. கோயம்புத்தூர்ப் பெண் ஒவ்வொரு புள்ளியையும் கடல் கடந்து போய்ப் பொறுக்கி வரவேண்டியிருந்தது.

'பட்டயாவில் தமரின் ஒற்றையர் கோப்பை ஒருமுறைகூட வெல்லவில்லையே, சொந்த மண்ணில் நடந்த போட்டி அவருக்கு என்ன கொடுத்தது?' என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான். 2010இல் அங்கே இறுதிவரை வந்து வேரா சுவோனரேவாவிடம் தோற்றார். அவருடைய நான்கு கோப்பைகளில் ஒன்றுகூட தாய்லாந்தில் கிடைத்ததல்ல. ஆனால் உள்ளூர்ப் போட்டியின் வேலை கோப்பை தருவதல்ல. உள்நாட்டுப் பெண் ஒருத்திக்கு வைல்டு கார்டு தருவதும், முதல் இருபதில் உள்ள ஒருத்தியின் பந்து எவ்வளவு கனமாக வருகிறது என்று பதினேழு வயதிலேயே மணிக்கட்டுக்குத் தெரியவைப்பதும்தான் அதன் வேலை. கோப்பை வேறெங்காவது கிடைக்கும். தமரினுக்கு முதல் கோப்பை எங்கே கிடைத்தது தெரியுமா? ஐதராபாத்தில்.

2003ஆம் ஆண்டுத் தொடக்கம் இந்திய டென்னிஸ் வரலாற்றில் ஒரு வேடிக்கையான பக்கம். ஜனவரியில் சென்னையில் ஆண்கள் கோப்பையைத் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசாபன் எடுத்துச் சென்றார். பிப்ரவரியில் ஐதராபாத்தில் முதன்முதலாக நடந்த மகளிர் போட்டியின் இறுதியில் உஸ்பெகிஸ்தானின் இரோடா துல்யகனோவாவை வென்று தமரின் எடுத்துச் சென்றார். இந்தியா பந்தல் போட்டது, பக்கத்து நாட்டார் வந்து விருந்துண்டு போனார்கள் என்று அன்று சிரித்திருக்கலாம். ஆனால் அதே ஐதராபாத் போட்டியில் பதினாறு வயது உள்ளூர்ப் பெண் ஒருத்தி வைல்டு கார்டு வாங்கி முதல் சுற்றிலேயே தோற்றாள். அடுத்த ஆண்டு அதே களத்தில் லீசல் ஹூபருடன் சேர்ந்து இரட்டையர் கோப்பை வென்றாள். அதற்கடுத்த ஆண்டு, 2005இல், ஒற்றையர் கோப்பையே அவள் கையில். சானியா மிர்சா. 'தாய்லாந்தை இவ்வளவு புகழ்கிறீர்களே, சானியா தமரினைவிடப் பெரியவர் இல்லையா?' என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரட்டையரில் உலகின் முதலிடம், ஆறு கிராண்ட் ஸ்லாம் கோப்பைகள்: பெரியவர்தான், சந்தேகமில்லை. ஒற்றையரில் அவருடைய உச்சம் 27. ஆனால் அவர் வளர்ந்த படிகளை எண்ணிப் பாருங்கள். தோல்வி, இரட்டையர் கோப்பை, ஒற்றையர் கோப்பை என்று மூன்று படியும் வீட்டு வாசலிலேயே கட்டியிருந்தன. நிருபமாவுக்கு அந்த வாசற்படி இல்லை. சானியாவை என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாக அழைப்பவர்கள் என் சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். ஐதராபாத் போட்டி 2005ஓடு முடிந்தது. பெங்களூரில் 2008 வரை தொடர்ந்தது. அதன்பின் 2022இல் சென்னையில் நடக்கும்வரை, பதினான்கு ஆண்டு, இந்தியாவில் அந்தத் தரத்தில் மகளிர் போட்டி இல்லை. சானியாவுக்குப் பின் ஒற்றையரில் முதல் நூறுக்குள் இந்தியப் பெண் எவரும் இதுவரை வரவில்லை. தாய்லாந்திலோ தமரின் ஆடிக்கொண்டிருக்கும்போதே நொப்பவான் லெர்ட்சீவாகார்ன் 2009இல் விம்பிள்டன் சிறுமியர் கோப்பையை வென்றார். லுக்சிகா கும்கும் 2014 ஆஸ்திரேலிய ஓப்பனின் முதல் சுற்றிலேயே பெத்ரா குவிடோவாவை வீழ்த்தினார், பின்னர் 66ஆம் இடம்வரை ஏறினார். அங்கே கயிறு அறுபடவில்லை. இதை மட்டும் வைத்துப் போட்டி நடந்தால் ஆட்டக்காரர் முளைத்துவிடுவார் என்று சூத்திரம் எழுதமாட்டேன். பாரடோர்ன் உலகின் ஒன்பதாம் இடத்துக்கு ஏறியது 2003 மே மாதத்தில். பாங்காக்கில் ஆண்கள் போட்டி தொடங்கியதே அதற்குப் பிறகுதான். சொந்த ஊர்ப் போட்டி என்று குறுக்கிச் சொன்னால் என் வாதம் அவரிடம் உடைந்துபோகும். அதனால்தான் கைக்கெட்டும் தூரம் என்றேன். பாங்காக்காரருக்குச் சென்னை கைக்கெட்டும் தூரம்தான்.

கைக்கெட்டும் தூரத்தில் கற்றதை வைத்துத் தூரதேசத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு 2008 ஜூன் ஒரு சான்று. தமரினுக்கு அப்போது 31 வயது. முதல் கோப்பை வென்று ஐந்தாண்டு ஓடிவிட்டது. தரவரிசையும் வெகுவாக இறங்கியிருந்தது. நெதர்லாந்தின் செர்டோகன்போஸ் நகரப் புல்தரைப் போட்டியில் தகுதிச் சுற்றில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஆடி ஆடி மேலே வந்து, சில வாரங்களுக்கு முன்தான் பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஆடியிருந்த தினாரா சாஃபினாவை இறுதியாட்டத்தில் நேர் செட்டில் வென்றார். அடுத்த வாரமே விம்பிள்டன். நான்காம் சுற்றில் எதிரே நின்றவர் போட்டித் தரநிலையில் இரண்டாம் இடம் பெற்ற யெலேனா யாங்கோவிச். புல்தரையில் பந்து எழும்பாது. தரையை உரசிக்கொண்டு சறுக்கி வரும். செம்மண்ணில் பந்தை உயர வளைத்து அடித்துப் பழகியவர்களுக்கு அங்கே முழங்கால் மடிவதற்குள் பந்து கடந்துவிடும். தமரினோ தட்டையாக அடிப்பவர். பந்தை அதிகம் சுழற்றாமல், வலைக்கு ஒரு சாண் மேலே, ஆழமாக, மூலைக்கு அனுப்புவார். உயரமும் பலமும் இல்லாதவர், எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ஆட்டம் அது. 6-3, 6-2 என்று முடித்துவிட்டார். யாங்கோவிச்சுக்கு முழங்காலில் காயம் இருந்தது, பெரிய களம் தராமல் பதினெட்டாம் எண் களத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற மனக்குறையும் இருந்தது, ஆகவே இது பெரிய வெற்றியல்ல என்பார்கள். காயம்பட்டவர்களை எல்லோரும்தான் சந்திக்கிறார்கள். சந்திக்கிற நாளில் நான்காம் சுற்றில் நிற்பதுதான் கடினம். அந்த யாங்கோவிச் அதே ஆகஸ்டில் உலகின் முதலிடத்தில் இருந்தார். காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸிடம் 4-6, 3-6 என்று தோற்றார் தமரின். செர்டோகன்போஸில் மறு ஆண்டும் அவரே வென்றார். 2010 அக்டோபரில் ஒசாகாவில் நான்காவது கோப்பை. எதிரே ஆடிய ஜப்பானின் கிமிகோ டேட்டுக்கு அப்போது நாற்பது வயது, இவருக்கு 33. மூன்று செட் இழுத்த ஆட்டம். மறு ஆண்டு விம்பிள்டன் இரட்டையரில் நியூசிலாந்தின் மரினா எராகோவிச்சுடன் அரையிறுதி வரை போனார். நீண்ட காலம் ஆடியவர்களுக்கே இப்படிப்பட்ட இரண்டாம் பருவம் வாய்க்கும். இருபத்தைந்து வயதில் பணமில்லாமல் விலகியவருக்கு அது வருவதற்கே வழியில்லை.

இனிப் பணத்தைப் பற்றிய மறுப்பு. தாய்லாந்து அன்று இந்தியாவைவிட வசதியான நாடு, அதனால் முடிந்தது என்பது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் சரி. ஆனால் டென்னிஸ் போட்டிக்குப் பணம் தருவது தனிமனித வருமானம் அல்ல. நிறுவனங்களின் விளம்பரச் செலவு. அதற்கு இந்தியாவில் பஞ்சமில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்கள் போட்டி ஆண்டு தவறாமல் நடந்தது. ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என்று ஆண்களின் பெயர் நிறைந்த ஊர் அது. பணம் அந்தப் பெயர்களைத் தேடிப் போனது. இருபத்தோரு ஆண்டு அந்த அரங்கத்தில் விளக்கு எரிந்தது. அதில் ஒரு வாரத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. ஒதுக்கவில்லை என்பது மட்டும் வரலாறு. தமரின் அமெரிக்காவில் பிறந்தவர், அந்த வசதியில் வந்தவர் என்று சொல்பவர்களும் உண்டு. பிறந்த ஊர் பாஸ்போர்ட்டுக்கு உதவும். அவர் டென்னிஸ் கற்று வளர்ந்தது பாங்காக்கில்.

இதெல்லாம் யாங்கோனில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆங்கிலேயர் காலத்து ரங்கூனில் டென்னிஸ் என்றால் கிளப் ஆட்டம். பெகு கிளப்பில் ஐரோப்பியர் அல்லாதவருக்கு உறுப்பினர் இடமே இல்லை. பர்மியரும் இந்தியரும் வேலிக்கு வெளியே. அந்த நினைவால் இது பணக்காரர் விளையாட்டு, நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்ற எண்ணம் இன்னும் தங்கியிருக்கிறது. இந்த நகரம் 1961லும் 1969லும் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகளை நடத்திய நகரம். இங்கே தெயின்பியூவில் டென்னிஸ் களங்கள் இருக்கின்றன. 2013இல் தென்கிழக்காசியப் போட்டிகள் மீண்டும் மியான்மருக்கு வந்தன. சின்லோன் இடம்பெற்றது, நல்லது, பிரம்புப் பந்தைக் காலாலேயே ஏந்தி ஆடும் அந்த அழகுக்கு உலகில் ஈடில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் டென்னிஸ் இல்லை. சுற்றுப்புற நாடுகளின் நல்ல ஆட்டக்காரிகள் இங்கே வந்து ஆடுவதை உள்ளூர்ச் சிறுமி ஒருத்தி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் வாய்ப்பு அந்த ஆண்டு போயிற்று. பதக்கம் கிடைக்காது என்ற கணக்கில் ஒரு விளையாட்டை விட்டுவிடுவதும், 'முதல் பெண்' கிடைத்ததும் மாலை போட்டுவிட்டு மறந்துவிடுவதும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் நடுத்தர ஆட்டக்காரிக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்து, பந்தல் போட்டு, ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்யத் தெரிந்த சமூகம் நாம். வணிகம் செய்யும் பெரியோர்கள் இங்கே இருக்கிறீர்கள். சாம்பியனை உருவாக்கித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. வருடத்தில் ஒரு வாரம் சிறுமியர் ஆடுவதற்கு ஒரு போட்டி நடத்துங்கள். அதில் தோற்றவளை அடுத்த ஆண்டும் கூப்பிடுங்கள். யார் பயன்பெறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பட்டயாவில் தாய்லாந்து நடத்திய போட்டியை 2002இல் வென்றவர் இந்தோனேசியாவின் ஏஞ்சலிக் விட்ஜாஜா. அதற்குப் பின் இந்தோனேசியப் பெண் ஒருவர் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் கோப்பை வெல்ல இருபத்து மூன்று ஆண்டு ஆயிற்று. வென்றவர் ஜேனிஸ் ஜென். 2025 நவம்பரில், சென்னை நுங்கம்பாக்கத்தில்.